மூன்றாவது தடவை

மேலாளர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி. ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் துணி துவைத்துக் கொடுக்கும் அந்த ஆலையில், இரண்டாவது இஸ்திரி மெஷினின் முன்னால் நின்று அவள் படுக்கை விரிப்புகளை உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த முனையில் நெட்டை நின்றாள். நெட்டை அந்த ஊர்க்காரி. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, கிளிப்பில் மாட்டிவிட்டால் போதும். விரிப்பு மூன்று சூடான உருளைகளுக்கடியில் புகுந்து மறுபக்கம் அப்பளம் மாதிரி வரும்.

மேலாளர் கழுத்தில் தொங்கும் கண்ணாடியைப் பிடித்தபடி வந்து நின்றார். ஐம்பது வயதுப் பெண்மணி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"பகல் ஷிஃப்ட் சூப்பர்வைசர் அடுத்த மாசம் போறார். அவர் இடத்துல ரெண்டாவது மெஷின் லைனை நீங்க எடுத்துக்கிறீங்களா?"

மூன்று வருஷமாகக் காத்திருந்த கேள்வி. வாய் தன் பாட்டுக்குத் திறந்து, இந்த மூன்று வருஷத்தில் தட்டித் தடவிக் கற்றுக்கொண்ட அந்த ஊர்ப் பாஷையில், வளர்த்த வளர்ப்புக்கு ஏற்ற பதிலைச் சொன்னது.

"ஐயையோ, எனக்கெதுக்குங்க மேடம்? என்னைவிட நல்லா செய்றவங்க எத்தனையோ பேர் இருக்காங்களே."

சொல்லிவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். மேலாளர் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். அந்த மௌனத்தை அவள் தப்பாகப் படித்துவிட்டாள். இரண்டாவது தடவை கேட்க மூச்சை இழுக்கிறார் என்று நினைத்தாள்.

"சரி" என்றார் மேலாளர். கையிலிருந்த சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

டீ குடித்துவிட்டு வருவார் என்று நினைத்தாள். ஆறு மணிவரை நினைத்தாள். ஏழு மணிக்கு மேலாளரின் கார் வாசலைத் தாண்டிப் போனபோது, அவள் கையிலிருந்த விரிப்பு கிளிப்பில் மாட்டாமல் தரையில் விழுந்தது. நெட்டை எட்டிப் பார்த்து, "தூக்கமா?" என்றாள்.

அவள் பிறந்து வளர்ந்த இடத்தில் கணக்கு வேறு. முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. அதற்கு வேண்டாம் என்பதும் மரியாதைக்கு. இரண்டாவது தடவை, முதலில் கேட்டது நிஜம்தான் என்று காட்டுவதற்கு. அப்போது கொஞ்சம் இழுக்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால்தான் கேள்வி. "இவ்வளவு சொல்றீங்க, எப்படித் தட்டறது" என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையிலேயே கையை நீட்டுகிறவனுக்குப் பறக்காவெட்டி என்று பெயர். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. சின்ன வயதில் அடுத்த வீட்டில் பிஸ்கட் தட்டு நீண்டால், முதலில் அம்மாவின் கண்ணைப் பார்ப்பாள். கண் உருண்டால் வேண்டாம். இமை தாழ்ந்தால் ஒன்று எடுக்கலாம். அந்தக் கண்ணைத்தான் இப்போது தன் மகளுக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கணக்கு இங்கே செல்லாது என்று தெரியாமலும் இல்லை. வந்த முதல் வாரமே தெரிந்துபோயிற்று. நாலாவது மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது. யாரோ கழித்துவிட்ட மர அலமாரி ஒன்றை அவளும் கணவனும் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கீழ்வீட்டில் இருந்த கண்ணாடி போட்ட தாத்தா கதவைத் திறந்து, "கை கொடுக்கட்டுமா?" என்று கேட்டார். "உங்களுக்கெதுக்கு சிரமம்" என்றான் அவள் கணவன், பல்லெல்லாம் தெரிய. "சரி" என்று கதவைச் சாத்திக்கொண்டார் அவர். இருவரும் மூச்சு முட்டத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவது மாடி வளைவில் அலமாரி செருகிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இரண்டு நாள் அப்படியே நின்றது. மேல்மாடிக்காரர்கள் எல்லோரும் குனிந்து, அலமாரியின் காலுக்கடியில் தவழ்ந்து வேலைக்குப் போனார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை; அதுதான் அவமானமாக இருந்தது. சுவரில் அது கீறிய கீறல் இன்னும் இருக்கிறது.

அலமாரி போனால் போகட்டும். இது வேறு.

அவள் கணவன் பஸ் டிப்போவில் வண்டி கழுவிப் பழுது பார்ப்பவன். விடிகாலை ஐந்திலிருந்து ஒரு மணிவரை வேலை. அவளுக்கு இரண்டிலிருந்து பத்துவரை. அவனுக்கு ஞாயிறு லீவு, அவளுக்குத் திங்கள். காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்புவது அவள்; மூன்று மணிக்குக் கூட்டிவந்து சோறு போட்டுத் தூங்கவைப்பது அவன். ஆலைக்குப் போகும் பஸ் நிறுத்தத்தில், அவன் இறங்கி அவள் ஏறுவதற்கு நடுவே பத்து நிமிஷம் கிடைக்கும். "பத்து நிமிஷக் குடித்தனம்" என்று அவன் அதற்குப் பெயர் வைத்திருந்தான். மகள் பள்ளியில் வீட்டை வரையச் சொன்னபோது இரண்டு தாளில் வரைந்தாள். ஒன்றில் அம்மா இருக்கிற வீடு, இன்னொன்றில் அப்பா இருக்கிற வீடு. வகுப்பாசிரியை மிகவும் இரக்கத்தோடு இருவருக்கும் தனித்தனியாக நாள் குறித்துக் கூப்பிட்டு, "பிரிந்து வாழும் பெற்றோர்" என்ற தலைப்பில் ஒரு கையேடும் கொடுத்தார். கையேட்டை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தான் அவள் கணவன். மறுக்க வாய் வரவில்லையாம்.

பகல் ஷிஃப்ட் என்றால் ஆறிலிருந்து இரண்டு. பள்ளி தொடங்குமுன்னே குழந்தைகளை விட்டுச்செல்ல பள்ளியிலேயே விடிகாலையில் திறக்கும் ஒரு அறை உண்டு. மூன்று மணிக்கு மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். இப்போது தட்டிக்கழித்துவிட்டு வந்தது அந்த மூன்று மணியைத்தான்.

புதன்கிழமை பஸ் நிறுத்தத்தில் விஷயத்தைச் சொன்னாள்.

"கேட்டாங்களா?" கணவன் பையைக் கீழே வைத்துவிட்டான். "எத்தனை தடவ?"

"ஒரு தடவதான்."

"நீ வேண்டாம்னுட்ட."

"ஆமா."

"சரி, அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. சரின்னுட்டுப் போயிட்டாங்க."

அவன் ரோட்டைப் பார்த்தான். இரண்டு லாரிகள் போயின. "என்ன மனுஷங்கடா இவங்க" என்று தொடங்கியவன், அதை முடிக்காமல் விட்டுவிட்டு, "டிப்போவுல முதல் வருஷம் முழுக்க நான் காபியே குடிக்கல, தெரியுமா?" என்றான். "வேணுமாம்பாங்க. வேண்டாம்பேன். மறுபடி கேப்பாங்கன்னு மெஷின் பக்கத்துலயே நிப்பேன். அவனவன் குடிச்சிட்டுப் போயிருவான்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"எந்தப் பத்து நிமிஷத்துல சொல்றது?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துபோயிற்று. பஸ் வந்தது. ஏறும்போது அவள் திரும்பி, "இன்னைக்கு நானே போய்க் கேக்கப் போறேன்" என்றாள். சொன்ன பிறகுதான் முடிவெடுத்துவிட்டது அவளுக்கே தெரிந்தது.

ஆலைக்குள் நுழைந்ததும் நெட்டை கையை ஆட்டினாள். "ஒரு நல்ல சேதி. நேத்து நீ வேண்டாம்னதும், டீ இடைவேளையில மேலாளர் எங்கிட்ட கேட்டாங்க. சரின்னுட்டேன். வெள்ளிக்கிழமை பேச வரச் சொல்லியிருக்காங்க."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். மூலையைப் பிடித்தாள், உதறினாள், மாட்டினாள். நாற்பது விரிப்பு போயிருக்கும்.

"அந்த வேலை எனக்கு வேணும்" என்றாள் கடைசியில்.

நெட்டை கிளிப்பை விட்டாள். விரிப்பு கோணலாக உள்ளே போயிற்று. "நீதான வேண்டாம்னு சொன்ன? நான் இங்கதான் நின்னேன். என் காதால கேட்டேன்."

"சொன்னேன்."

"பின்ன?"

"அது வேண்டாம் இல்ல. மரியாதை."

"உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தன்னைக்கு, போதும் போதும்னு நாலு தடவ சொன்னேன். நீ அள்ளி அள்ளி வச்ச. அதுவும் அந்த மரியாதைதானா?"

"அதேதான்."

"மறுநாள் எழுந்திரிக்கவே முடியல. லீவு போட்டேன்."

"தெரியும். மன்னிச்சுக்கோ. நீ கூச்சப்படறன்னு நெனச்சேன்."

"எனக்குக் கூச்சமே கிடையாது" என்றாள் நெட்டை. அது உண்மை. "கேட்டுக்கோ. எனக்கும் அந்த வேலை வேணும். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"விட்டுக்கொடுக்கச் சொல்லல."

"அப்ப சரி. மூலையைப் பிடி."

அவள் மூலையைப் பிடித்தாள். சொந்த ஊரில் என்றால் சிநேகிதி, "உனக்கில்லாததா, நீயே எடுத்துக்கோ" என்றிருப்பாள். பிறகு ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டாள். இவள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்றுவிட்டு, அடுத்த விரிப்பை ஒழுங்காக உதறுகிறாள். அது அவளுக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகவே இருந்தது.

மாலை இடைவேளையில் மேலாளரின் கண்ணாடி அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார். "பரவால்லங்க" என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நேத்து நீங்க கேட்டப்ப வேண்டாம்னு சொன்னேன்."

மேலாளர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். அவள் பெயருக்கு எதிரே எழுதியிருந்தது: விருப்பமில்லை.

"அது தப்பு மேடம்."

"நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

"நான் சொன்னதுதான் தப்பு. எங்க பக்கத்துல முதல் தடவ கேட்டா சரின்னு சொல்ல மாட்டோம்."

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "எத்தனை தடவ கேக்கணும்?"

"மூணு."

"மூணு தடவையா! இங்க நூத்திப் பத்து பேர் வேலை செய்றாங்க. எனக்கு வேற பொழப்பே இருக்காதே." சிரிக்காமல்தான் சொன்னார். பேனாவை எடுத்தார். "இப்ப உங்களுக்கு விருப்பமா?"

"உங்களுக்குச் சிரமம் இல்லன்னா..."

"எனக்குச் சிரமமான்னு கேக்கல. விருப்பமா?"

அந்தச் சொல்லைத் தனக்காக எப்போது சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தாள். கல்யாணத்துக்குக்கூடச் சொன்னதில்லை. தலையைக் குனிந்ததும் பெரியப்பா, "பொண்ணுக்குச் சம்மதம்" என்று கூடத்துக்கே கேட்கும்படி அறிவித்துவிட்டார். சம்மதம்தான், அது வேறு விஷயம்.

"விருப்பம்" என்றாள்.

மேலாளர் பழைய சொல்லை ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். "வெள்ளிக்கிழமை பதினோரு மணி. நான், மெஷின் இன்ஜினியர், ஆபீஸ்ல இருந்து ஒருத்தர், மூணு பேரும் கேள்வி கேப்போம். நீங்க வேண்டாம்னதாலதான் உங்ககூட நிக்கறவங்களக் கூப்பிட்டேன். இப்ப நீங்களும் வாங்க. யார் சரியோ அவங்களுக்கு."

அவ்வளவுதான். எழுந்து வெளியே வந்து மெஷினுக்குத் திரும்பினாள்.

வியாழக்கிழமை பத்து நிமிஷமும் ஒத்திகைக்கே போயிற்று. கணவன் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, கையில் இல்லாத நோட்டைப் பிரித்தான்.

"நான்தான் மேலாளர். கேக்கறேன், சொல்லு. நீங்க எப்படி வேலை செய்வீங்க?"

"ஏதோ என்னால முடிஞ்சத..."

"அடிப்பாவி! ஏதோவா? எங்கூடப் பத்து நிமிஷம், அந்த மெஷின்கூட எட்டு மணி நேரம் குடும்பம் நடத்தறவ. ஏதோவாம்."

"என்னைப் பத்தி நானே எப்படிங்க பெருசாச் சொல்லிக்கறது?"

"வேற யார் வந்து சொல்வா? எங்கம்மாவ வரச் சொல்லட்டா?"

"உங்கம்மாவா? கெடைக்கற வேலையும் போயிரும்."

"அதான் சொல்றேன். பெருசாச் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லு. கூட்டாத, கொறைக்காத." பஸ் வந்து நின்றது. அவன் எழுந்து அவளுக்கு வழிவிட்டான். "இன்னொன்னு. தண்ணி வேணுமான்னு கேட்டா வேணும்னு சொல்லு. நாக்கு ஒட்டிக்கிட்டுப் பேச முடியாம உக்காந்திருக்காத."

வெள்ளிக்கிழமை, கண்ணாடி அறையில் மூன்று பேர். நெட்டை அவளுக்கு முன்னால் போய்விட்டு வந்திருந்தாள். எதிர்ப்பட்டபோது, "கஷ்டமில்ல. இன்ஜினியர் மட்டும் முறைப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"தண்ணி வேணுமா?" என்றார் ஆபீஸ்காரர்.

"வேணும்."

முழு டம்ளரையும் குடித்தாள். யாரும் பறக்காவெட்டி என்று நினைத்ததாகத் தெரியவில்லை.

இன்ஜினியர் முறைக்கத்தான் செய்தார். "ரெண்டாவது மெஷின்ல துணி இடது பக்கமா இழுக்குது. ரெண்டு மாசமா. உள்ள போற பெல்ட்டை ரெண்டு தடவ மாத்தியாச்சு. சூப்பர்வைசரா இருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

அவரோ படித்தவர், பெரியவர். "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அங்கேயே நிறுத்தினாள். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. இந்த ஊரில் மௌனம் யாரையும் எதற்கும் அவசரப்படுத்துவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நீ பேசும்வரை இருப்போம், பேசியதை எடுத்துக்கொள்வோம் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

"பெல்ட்டை மாத்தியிருக்க மாட்டேன்" என்றாள். "பெல்ட்டுல தப்பே இல்ல. மூணாவது ரோலர்ல சுத்தியிருக்கற துணி இடது ஓரத்துல தேஞ்சுபோச்சு."

"அது மாத்தி ஒரு வருஷம்கூட ஆகல. எப்படிச் சொல்றீங்க?"

"வெளிய வர்ற விரிப்புல இடது ஓரம் மட்டும் ஈரமா இருக்கு. நாலு விரல் அகலத்துக்கு. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். முறை மாத்தி மடிக்கப் போறப்ப, கையுறை இல்லாமத் தொடறது நாங்கதான். போன மாசம் உங்க ஆளுகிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது, ஒருவேளை அப்படி இருக்குமோன்னு சொன்னேன்."

"அதான் அவன் விட்டுட்டான்" என்றார் இன்ஜினியர். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார்.

அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். இன்ஜினியர் மெஷினின் மறுபக்கம் போய், கையுறை மாட்டிக்கொண்டு, வெளியே வரும் விரிப்புகளை எடுத்து விரித்து, ஓரங்களைத் தடவிப் பார்த்தார். முதலில் வலது ஓரம். பிறகு இடது. இன்னொரு விரிப்பு. பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு இன்னுமொன்று. தன் வாழ்க்கையில் இவ்வளவு நீளமான ஐந்து நிமிஷம் அவளுக்கு நினைவில்லை. ஆனால் பயமாக இல்லை. அந்த ஓரம் ஈரமாகத்தான் இருக்கும். அது அவள் கைக்குத் தெரிந்த சங்கதி.

இன்ஜினியர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "ஈரம்" என்றார் மேலாளரிடம். தாளில் எழுதிக்கொண்டார். முறைப்பு அப்படியேதான் இருந்தது. அது அவர் முகத்தின் அமைப்பு போலிருக்கிறது.

"கடைசிக் கேள்வி" என்றார் மேலாளர். "உங்களுக்கு எது வராது?"

அதற்குப் பதில் வாழ்நாள் முழுக்கத் தயாராக இருந்தது. கேட்டால் ஒரு மணி நேரம் சொல்லியிருப்பாள். ஒன்றே ஒன்றை எடுத்தாள்.

"கேட்டா முதல்ல வேண்டாம்னு வாய்ல வந்துடும். திருத்திட்டிருக்கேன்."

மேலாளர் அப்போதுதான் சிரித்தார்.

"இந்த வேலைக்கு நெட்டையைவிட நான் சரியான ஆள்" என்றாள் அவள், யாரும் கேட்காமலே. "அவங்க நல்லாப் பேசுவாங்க, தைரியமாப் பேசுவாங்க. மெஷின் எனக்கு நல்லாத் தெரியும்." சொன்ன பிறகு கூரை இடிந்து விழும் என்று எதிர்பார்த்தாள். ஆபீஸ்காரர், "சரி" என்று அதையும் எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மேலாளர் சொன்ன அதே சரி. அதே தொனி.

அடுத்த செவ்வாய்க்கிழமை மேலாளர் மெஷின் பக்கம் வந்து, நின்றபடியே சொன்னார். "நீங்கதான். ஒண்ணாம் தேதியிலிருந்து, ஆறு மணிக்கு."

"நன்றி மேடம்" என்றாள். வேறெதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை.

நெட்டை அடுத்த முனையில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். மூலையைப் பிடித்தபடி, "எனக்கு வருத்தமா இருக்கு" என்றாள். "ரெண்டு நாள் உங்கிட்டப் பேச மாட்டேன். அப்புறம் சரியாயிடும்." சொன்னபடியே இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் சாப்பாட்டு மேஜையில் எதிரே வந்து உட்கார்ந்து, "அடுத்த தடவ எப்பச் சாப்பாட்டுக்குக் கூப்பிடற? ஆனா போதும்னா போதும்" என்றாள்.

ஒன்றாம் தேதி, மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் இருவரும் நின்றார்கள். மகள் வெளியே வந்து அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "ஏன் ரெண்டு பேரும் வந்திருக்கீங்க? நான் என்ன பண்ணினேன்?" என்றாள். வகுப்பாசிரியை படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கணவன் அவருக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டான். கையேடு வேலை செய்துவிட்டது என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

வீட்டுப் படியேறும்போது கண்ணாடித் தாத்தாவின் கதவு திறந்தது. அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தார். கையில் பிரித்த பிஸ்கட் பொட்டலம். "வேணுமா?" என்று குழந்தையிடம் நீட்டினார்.

மகளின் கை அசையவில்லை. கண்கள் மட்டும் அம்மாவின் கண்ணைத் தேடி மேலே வந்தன.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேலே மூன்றாவது மாடி வளைவைப் பார்த்தாள். அலமாரி கீறிய கோடு அங்கிருந்தே தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வேணும்" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. காகிதம் சரசரத்தது.

"உங்களுக்கு?" என்றார் தாத்தா அவளிடம்.

"வேண்டாம். இப்பத்தான் சாப்பிட்டேன்."

"சரி" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் மாடி வளைவில் கணவன் மெதுவாகக் கேட்டான். "நிஜமாவே வேண்டாமா?"

"வேண்டாம்."

இரண்டாவது மாடியில் மறுபடி வாயைத் திறந்தான். அவள் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு தடவ கேட்டாப் போதும்" என்றாள். மகளின் கையிலிருந்த பிஸ்கட்டில் பாதியை உடைத்து அவன் வாயில் திணித்துவிட்டு மேலே ஏறினாள்.